பல்வலி நின்றுவிட்டால் சுகமா?



"இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் காணிக்கை கேட்டால் புரிகிறது, பல்லுக்குமா?" என்று ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பல்லினால் யாரும் சாவதில்லை என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அது எவ்வளவு தூரம் சரி என்பதையும், பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காரும் வியாதியஸ்தருக்கு என்னென்ன செய்யப்படுகிறது என்பதையும் இம்முறை சற்று விளக்கமாக எழுதுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. இறையியல் கல்லூரியில் எபிரெயுவும் கிரேக்கும் படித்தோமே தவிர, பல்லைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை, ஜெபிக்க வருகிற போதகரிடம் மக்கள் கேட்டுவிடுகிறார்கள். அவற்றைப் பல் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

பல்லின் மதிப்பை அறிய யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். எஜமான் ஒருவன் தன் அடிமையின் பல்லை அடித்து விழச்செய்தால், அந்த ஒரு பல்லுக்கு ஈடாக அடிமையை விடுதலையாக்கி அனுப்பிவிடவேண்டும் என்ற சட்டம் அங்கே இருக்கிறது. கண்ணுக்கு என்ன ஈடோ அதே ஈடு பல்லுக்கும்.

வேப்பந்தட்டை வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு அங்குள்ளவர்களின் பாடு தெரியும். பச்சைமலையின் அடிவாரம், பெரும்பாலும் மானாவாரிக் காடு, பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே வேப்பந்தட்டையில்தான் இருக்கிறது. பருத்தி வெடித்துவிட்டால் எடுத்தாகவேண்டும். பல் வலிக்கிறது என்று பெரம்பலூருக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. ஆகையால் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டோ, கொஞ்சம் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டோ வேலைக்குப் போகிறார்கள். கிராம்பு எண்ணெய்க்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. சொத்தையை அது தொடுவதில்லை. புகையிலையால் வரும் கேட்டைப் பின்னால் சொல்கிறோம். மூன்று நான்கு இரவுகள் தூக்கமில்லாத வேதனை. பிறகு ஒருநாள் காலையில் வலி தானாகவே நின்றுவிடுகிறது. "ஆண்டவர் சுகம் கொடுத்துட்டார் ஐயா" என்று எங்களிடமே சாட்சி சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் மறுத்துப் பேசுவது போதகருக்குச் சங்கடந்தான், ஆனாலும் மறுத்தாகவேண்டும்.

ஏனெனில் வலி நின்றது சுகத்தினால் அல்ல. பல்லின் மேலே இருப்பது எனாமல் என்ற கடினமான ஓடு, அதற்குள் டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். எனாமலில் சொத்தை விழும்போது வலி இராது. டென்டினை எட்டும்போது குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் கூசும். பற்கூழை எட்டும்போது அந்த வீக்கம் விரிய இடமில்லாமல் கெட்டியான சுவருக்குள் அடைபட்டு நரம்பை நெரிக்கிறது. இரவில் துடிக்கவைப்பது இதுதான். நான்கு நாள் கழித்து வலி நின்றது என்றால், பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்றே பொருள். கிருமிகள் சாகவில்லை. அவை வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன.

கூச்சம் மட்டும் உள்ளபோதே வந்தால், சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடலாம். ஒரே நாளில், அரைமணி நேரத்தில் முடியும் வேலை. முன்பு பாதரசம் கலந்த வெள்ளிக் கலவையால் அடைத்தார்கள்; இப்போது அது குறைந்து, பல்லின் நிறத்திலேயே இருக்கும் சிமென்டும் காம்போசிட்டும் வந்துவிட்டன. மின்சாரமும் துளையிடும் இயந்திரமும் இல்லாத கிராமங்களுக்கென்று, கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் ஒரு முறை 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உருவானது. 1994-ல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஊக்குவித்தது. பள்ளிக்கூட மேஜையில் பிள்ளையைப் படுக்கவைத்தே அதைச் செய்யலாம்.

நரம்பு செத்தபின் வந்தால் வேர் சிகிச்சை. இதை ரூட் கெனால் என்கிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பிகளை அறிவீர்கள். 2020-ல் அவர்களுடைய வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மரத்தின் வைரம் கெட்டியாக இருந்து, நடுவே மட்டும் பூச்சி அரித்திருந்தால், அதை முழுவதும் விறகுக்குப் போட மனம் வருமா? மருத்துவர் செய்வதும் ஏறத்தாழ அதுதான். மெல்லிய ஊசி போன்ற அரங்களை வேருக்குள் விட்டு, செத்த நரம்பை எடுத்து, கழுவி, உலர்த்தி, மலாயா பக்கத்து மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் நிரப்புகிறார். மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்களும், பல சமயம் நான்கு கால்வாய்களும் உண்டு. ஆகையால் இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும். அதன்மேல் கேப் போடவும் வேண்டும். இங்கேதான் ஏழைக்கு இடறல். மூன்று தடவை என்றால் மூன்று நாள் கூலி, மூன்று நாள் பஸ் கட்டணம், அதன்பின் கேப்புக்குப் பணம். "புடுங்கிப் போடுங்க சார்" என்று சொல்லுகிற விவசாயக் கூலியை அறியாமையுள்ளவர் என்று நினைக்கவேண்டாம். அவர் கணக்குப் பார்த்தே பேசுகிறார். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி அந்தக் கணக்கை மாற்றுவதற்கே உதவுகிறது.

பல் எடுப்பதைப் பற்றி எங்களிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமா?" படித்தவர்களும் கேட்கிறார்கள், சபை மூப்பர்களும் கேட்கிறார்கள். பார்வைக்கு உரிய நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்குப் போகிறது. பல்லுக்கு உரியது வேறொரு நரம்பு. அதன் கிளை கண்ணுக்குக் கீழே எலும்பின் வழியாகப் போவதால், மேல்பல் வலிக்கும்போது கண்ணும் சேர்ந்து வலிப்பது போலத் தோன்றுகிறது. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. ஆனால் சீழ் பிடித்த மேல்பல்லை வருஷக்கணக்காக வைத்திருந்தால், அந்தச் சீழ் கண்குழி வரைக்கும் ஏறக்கூடும்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. மயக்க மருந்தை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களே பல் மருத்துவர்கள்தான். 1844-ல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துகொண்டு தம்முடைய பல்லையே எடுக்கச் செய்தார். 1846-ல் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து அறுவை சிகிச்சை நடக்கச் செய்து காட்டினார். பெரிய ஆபரேஷன் தியேட்டர்களெல்லாம் இந்தச் சின்ன நாற்காலிக்குக் கடன்பட்டவை! இப்போது ஈறில் போடுகிற லிக்னோகைன் 1943-ல் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி போட்ட இடம் மரத்துப்போகும்; அழுத்துவது தெரியும், வலி தெரியாது.

எடுத்தபின் வருகிற தொல்லைகள் பெரும்பாலும் வீட்டில் உண்டாகின்றவை. பஞ்சை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கடித்திருக்கவேண்டும். அன்றைக்கு முழுவதும் துப்பவும் கொப்பளிக்கவும் கூடாது. நம்மவர்களுக்கு எச்சிலோடு சிறிது இரத்தத்தைக் கண்டாலும் துப்பித் துப்பித் தீர்க்கவேண்டும், அதுவே ஆபத்து. குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் இயற்கை போடுகிற மூடி. துப்பினாலும், பீடி இழுத்தாலும் அது பெயர்ந்துவிடும். அப்படியானால் மூன்றாம் நாள் எலும்பு வெளியே தெரிந்து, முதல் வலியைவிடக் கடுமையாக வலிக்கும். சர்க்கரை வியாதியுள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இருதய வால்வு பழுதானவர்கள் ஆகியோர் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்குப் பல் எடுக்குமுன்பே கிருமிக்கொல்லி மருந்து தரவேண்டியிருக்கும்.

பல்லினால் சாவு வருமா என்ற கேள்விக்கு வருகிறோம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் சில சமயம் தாடைக்கு அடியில், நாக்குக்குக் கீழே பரவிவிடும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கிருமிக்கொல்லி மருந்துகள் வருமுன் இது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தாடையின் இருபுறமும் கல்லைப்போல் வீங்குதல், நாக்கு மேலே தூக்கிக்கொள்ளுதல், எச்சிலை விழுங்க முடியாமை, குரல் மாறுதல் ஆகியவை கண்டால் காலைவரை காத்திருக்கக்கூடாது. மூச்சுக்குழல் அடைபடுமுன் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சீழை வெளியேற்றவேண்டும். கன்னத்தின் மேல் சூடான ஒத்தடமும் பற்றும் போடுவது இதற்கு வைத்தியம் அல்ல; சீழை வெளித்தோல் வரைக்கும் இழுத்து ஆறாத துளையாக்கும். ஈறுக்குள் சாய்ந்து புதைந்திருக்கும் ஞானப்பல்லைச் சிறு அறுவை செய்து எடுக்கும்படி மருத்துவர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம்முடைய மாவட்டத்தின் நடுவே போகிறது. ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவர்களின் தாடை உடைவதும் பல் அறுவை மருத்துவரின் பொறுப்பே. மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்து, நாலு முதல் ஆறு வாரம் கஞ்சியும் பாலுமாக வைப்பது பழைய முறை. டைட்டானியத் தகடு வைத்துத் திருகுவது இப்போதைய முறை. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அதை அறியாமல் நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் உண்டு.

இனிப் புகையிலை. வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத சிறு புண், அவ்வளவுதான். பாக்கை அடிக்கடி மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். தம்முடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாதவர் மருத்துவரைப் பார்க்கவேண்டும். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று நம்முடைய வயதான தாய்மார் சொல்லுவார்கள். 2003-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு கூறிவிட்டது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. கடைகளில் ஒளித்து விற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கும் பயம்: கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்கள். துணுக்கு எடுப்பதால் பரவுவதில்லை. எடுக்காமல் விடுகிற மாதங்களில்தான் பரவுகிறது.

இதில் நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் ஏறத்தாழ 1,90,000 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதி ஊர்களில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். சந்தேகமானவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-ல் முடிவு வெளியாயிற்று: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில், வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. பார்க்கக் கற்றுக்கொண்ட கண்கள் இருந்தன.

உங்கள் சபையிலும் ஸ்திரீகள் சங்கத்திலும் வெற்றிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு டார்ச் விளக்கோடு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களைப் பாருங்கள். ஏதேனும் கண்டால் அந்தத் தேதியைச் சுவரிலுள்ள காலண்டரில் குறித்துவையுங்கள். பதினைந்தாம் நாளும் அது அங்கேயே இருந்தால், வலி இல்லை என்று அவர் எவ்வளவு சொன்னாலும், கையில் பஸ் கட்டணத்தைக் கொடுத்து, துணைக்கு ஒருவரையும் சேர்த்து அனுப்பிவையுங்கள்.