மறுபிரிவு: விடுமுறைக்குப் பின் அயலகக் கல்விக்குத் திரும்புதல்

அயல்நாட்டில் உயர்கல்வி பயிலச் செல்வோரின் முதற்பயணம் குறித்து நம்மிடையே நிறையப் பேசப்பட்டுள்ளது. வழியனுப்பு விருந்தும் விமான நிலையக் கண்ணீரும் முதற்பனிக்காலமும் நாம் அறிந்தவையே. விடுமுறைக்குத் தாயகம் வந்து, மூன்று நான்கு வாரங்கள் தங்கி, மீண்டும் அதே விடுதியறைக்குத் திரும்பும் மாணவரின் நிலை அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. முதற்பிரிவினும் இம்மறுபிரிவே கடினமானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1950களில் மலாயாவிலிருந்து லிவர்பூல் நகருக்கு அருகிலிருந்த கிர்க்பி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றோர் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்தனர். பயிற்சிக்காலமான ஈராண்டும் முடிந்த பின்னரே ஊர் திரும்பினர். அவர்களுக்கு ஒரு போக்கு, ஒரு வரவு. பின்வந்த விமானம் பிரிவின் கால அளவைக் குறைத்தது; அதன் எண்ணிக்கையைக் கூட்டியது.

நம் அகப்பொருள் இலக்கணமும் ஒரு போக்கையும் ஒரு வரவையுமே மையமாகக் கொண்டது. தொல்காப்பியர் பிரிவின் காரணங்களுள் ஓதலை எண்ணுகிறார். கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது என்று கற்பியலில் வரையறுக்கிறார். (இன்றைய பிரித்தானிய முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டுள்ள காலமும் மூன்று ஆண்டுகளே என்பது சுவையான ஒற்றுமை. அதற்குள் முடிப்போர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.) நமக்கு இங்கு மிகவும் பயன்படுவது செலவழுங்கல் என்னும் கருத்தாகும். புறப்பட முனைந்த தலைவன் தயங்கி நிற்பது பயணத்தைக் கைவிடுவதன்று. தலைவியைத் தேற்றும்பொருட்டுச் செய்யும் தாமதமே அது என்கிறார் தொல்காப்பியர். தயக்கத்தைத் தோல்வியாகக் கருதாத இப்பார்வை ஆசிரியராகிய நாம் கருதத்தக்கது.

சமூக அறிவியலார் இதனை வேறு வகையில் அணுகினர். அமெரிக்காவில் பயின்ற நார்வே நாட்டினரை ஆராய்ந்த லிஸ்கார்ட், 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், அயலகம் சென்று ஆறு மாதங்களுக்கு உட்பட்டோர் ஓரளவு நன்கு பொருந்தியிருந்ததையும், ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் ஆனோர் தளர்ந்திருந்ததையும், அதற்கு மேற்பட்டோர் மீண்டும் தேறியிருந்ததையும் காட்டினார். ஆங்கில 'யூ' எழுத்தை ஒத்த வளைகோடு என இது பெயர்பெற்றது. 1963இல் கல்லஹார்ன் இணையர், தாயகம் திரும்பியபின் நேரும் இரண்டாவது தளர்ச்சியையும் சேர்த்து, இதனை 'டபிள்யூ' வடிவமாக விரித்தனர். ஆயினும், இவ்வடிவங்களும் ஒருமுறை சென்று ஒருமுறை மீள்வோரையே கருத்திற்கொண்டவை. ஆண்டுதோறும் வந்து செல்பவரின் கோடு இவ்வளவு ஒழுங்காக இராது.

என் சொந்தப் பட்டறிவைச் சான்றாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். 2008ஆம் ஆண்டு டிசம்பரில், வட இங்கிலாந்தில் என் ஆய்வின் முதலாண்டை நிறைவுசெய்து கோலாலம்பூர் வந்தேன். என் அறை தம்பியின் படிப்பறையாகியிருந்தது. அம்மா எனக்குப் புதிய தட்டில் சோறிட்டார். வந்தவர்க்கு எடுக்கும் தட்டு அது. அவர் அதனை அன்பினாலேயே செய்தார். எனக்கோ விருந்தினன் ஆகிவிட்டேனோ என்ற எண்ணம் தோன்றியது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர்த் திரும்பினேன். முதல்முறை சென்றபோது அறியாமை ஒரு துணையாக இருந்தது. அங்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரியாது. இம்முறை அனைத்தும் தெரியும்.

உடலும் ஒத்துழைக்கவில்லை. கோலாலம்பூரில் மாலை ஏழு மணி கடந்தும் வெளிச்சமிருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே நான்கு மணியளவில் ஞாயிறு மறைந்துவிடும். எட்டு மணிநேர வேறுபாட்டினால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தது. மேற்கு நோக்கிய பயணத்திற்கு உடல் எளிதில் இணங்கும் என்பர்; எனினும் ஒரு வாரம் கடந்தது. மாணவர் பலர் இவ்வுடற்சோர்வை மனச்சோர்வோடு குழப்பிக்கொண்டு, ஆய்வே தமக்கு ஏற்றதன்று என முடிவுகட்டுகின்றனர். நானும் பதிவை விலக்கிக்கொள்ளக் கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை.

அவ்வாண்டு நான் செய்த பிழை ஒன்றுண்டு. விடுமுறைக்குமுன் ஓர் இயலை முற்றாக முடித்துவிட்டுச் செல்வதே ஒழுங்கு என்று எண்ணி, இரவுபகலாக எழுதி முடித்தேன். திரும்பியபோது மேசைமீது எனக்காகக் காத்திருந்தது ஒன்றுமில்லை. மூன்று வாரங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு, மேற்பார்வையாளர் அறிவுரைப்படி, ஓர் இயலைப் பாதியில் விட்டுச் சென்றேன். மீண்ட மூன்றாம் நாளே அதனைத் தொடர முடிந்தது. என் மாணவரிடமும் இதனையே வலியுறுத்துகிறேன்: முடிக்காமல் செல்லுங்கள், திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு சந்திப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் மேசையின் மறுபுறம் இருக்கிறேன். தமிழகத்திலிருந்து இங்கு வந்து ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், பொங்கல் விடுமுறையின் இறுதிநாளில் ஊரிலிருந்து அழைத்தார். "ஐயா, இரண்டு நாள் கழித்து வரட்டுமா?" என்றார். காரணம் எதுவும் கூறவில்லை. நானும் கேட்கவில்லை; சந்திப்பை வியாழனுக்கு மாற்றினேன்.