காசநோய்க் கிருமியின் மரபணுவைப் படிப்பது யாருக்கு லாபம்?

காசநோய்க் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்கு அடங்காது என்பதைப் பெரும்பாலும் அதன் மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தக் கிருமியின் முழு மரபணு வரிசை 1998-ல் வெளியானது. சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட அது, மனித மரபணு வரிசையில் ஏறக்குறைய 700-ல் ஒரு பங்குதான். மனித மரபணுவை முதன்முதலாகப் படித்த திட்டம் 13 ஆண்டுகள் நடந்து, சுமார் 270 கோடி டாலர் செலவில் 2003-ல் முடிந்தது. 2014 வாக்கில் ஒருவருடைய மரபணுவை 1,000 டாலருக்குப் படிக்க முடிந்தது. விலை இவ்வளவு இறங்கியும் காசநோய்க் கிருமியின் மரபணுவைப் படிக்கும் சோதனை எல்லா மருத்துவமனைக்கும் வந்துவிடவில்லை. சோதனையின் விலை கணக்கில் ஒரு பகுதி மட்டுமே என்பதே காரணம்.

இன்று அரசு மருத்துவமனையில் கொடுக்கும் சளி முதலில் ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவிக்குப் போகிறது. நோய் உண்டா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து வேலை செய்யுமா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அடுத்து எல்.பி.ஏ. சோதனை, ஐசோனியாசிட் முதலான சில மருந்துகளுக்கு விடை தரும். பெடாகுயிலின், லினிசோலிட் ஆகிய மருந்துகளுக்கு இச்சோதனைகளில் விடை கிடைக்காது; கிருமியை வளர்த்து, மருந்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும் கிருமி இது. ஆகவே முடிவு வர வாரக்கணக்காகும்.

அதுவரை வேலை செய்யாத மருந்தைச் சாப்பிடுவதும் செலவுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகிறவர் படுத்துவிட்டால் அன்றைய வருமானம் போயிற்று. வீட்டில் மற்றவர்களுக்கும் நோய் தொற்றலாம். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது என்றாலும் இழந்த கூலிக்கு அது ஈடாகாது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் சிகிச்சை நீண்டது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த புதிய முறையில் நான்கு மருந்துகள், ஆறு மாதம். பெடாகுயிலினும் லினிசோலிடும் அந்த நான்கில் அடக்கம். அவை பலிக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதன் மதிப்பு அதனால் கூடியிருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. மரபணு வரிசை வழியே முழு அறிக்கை கிடைக்க இடைநிலை மதிப்பாக 9 நாட்கள் ஆயின. வழக்கமான முறையைவிட இது 21 நாட்கள் முந்தியது. கிருமி வளர்ந்த ஒரு மாதிரிக்குப் பழைய முறையில் 518 பவுண்டு, புதிய முறையில் 481 பவுண்டு. பல சோதனைகள் செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றே போதுமானதால் மிச்சமான பணம் அது. மறு ஆண்டே இங்கிலாந்து இதை வழக்கமான சோதனையாக்கியது.

தமிழகத்தில் அதே கணக்கு அப்படியே பொருந்தாது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், கொரோனாவின் உருமாற்றங்களைக் கண்டறிய, 4 கோடி ரூபாயில் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இத்தகைய கூடத்தில் கருவி வாங்குவது ஒரு தடவைச் செலவு. ஓடுகிற செலவுதான் பெரிது. கருவியை ஓட்டும் ஒவ்வொரு தடவையும் இறக்குமதியான ரசாயனப் பெட்டி ஒன்று தீர்ந்துவிடும். பல நோயாளிகளின் மாதிரிகளுக்குத் தனித்தனி அடையாளத் துணுக்கு சேர்த்து, ஒன்றாகக் கலந்து ஓட்டுவார்கள். பத்து மாதிரி போட்டாலும் தொண்ணூறு போட்டாலும் பெட்டியின் விலை ஒன்றே. திருமுல்லைவாயிலில் ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நிற்பதுபோல, மாதிரி சேரக் காத்திருந்தால் தலைக்குச் செலவு குறையும். ஆனால் விரைவு என்ற ஆதாயம் போய்விடும். எல்லா மாவட்டத்திலும் கூடம் கட்டாமல், ஒரே இடத்துக்கு மாதிரிகளை அனுப்புவது சிக்கனமாக இருப்பது இதனால்தான்.

வரிசையைப் படித்தாலும் பொருள் சொல்லத் தெரிய வேண்டும். ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு தரும் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே மரபணுவின் சிறு பகுதியில் இருக்கின்றன. பெடாகுயிலினுக்கோ அவை அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. பலவற்றுக்கு இன்னும் உறுதியான பொருள் சொல்ல முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் வெளியிட்ட பட்டியல்கள் இந்தக் குறையைக் குறைத்துவருகின்றன.

அதே ரூபாய்க்குப் போட்டியாக வேறு வழிகளும் உண்டு. திருமுல்லைவாயிலை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு, தமிழக அரசு 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலைமை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும்.

ஆகவே மரபணுச் சோதனைக்கான பணம், அதன் விடையால் மருந்துச் சீட்டு மாறக்கூடியவர்களுக்கு முதலில் போவதே சிக்கனம்: ரிஃபாம்பிசினுக்கு அடங்காத நோய் உள்ளவர், சிகிச்சை முடிந்தும் நோய் திரும்பியவர், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி குறையாதவர். மற்றவர்களுக்கு ட்ரூநாட், எல்.பி.ஏ. தரும் விடையே பெரும்பாலும் போதுமானது.