அடுத்த வீட்டு நாட்டு முட்டை: வாங்குவோர் அறிய வேண்டிய சட்டமும் காப்பும்

அடுத்த வீட்டுக் கொல்லையில் மேயும் கோழி இட்ட முட்டையை அன்றன்றே வாங்கி உண்பது, காரைக்குடி மாநகராட்சிக்குட்பட்ட செக்காலை போன்ற பகுதிகளில் இன்னும் விட்டுப்போகாத நல்ல வழக்கம். ஆயினும் அந்த முட்டையின் பெயரால் ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைக் காண முடிகிறது. பூப்பெய்திய சிறுமிக்குப் பச்சை முட்டையைக் கொடுத்துவிட்டு மறுநாள் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். சாயம் ஏற்றிய பண்ணை முட்டையை நாட்டு முட்டை விலைக்கு வாங்கிவிட்டுக் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். கோழிகள் கொத்தாகச் செத்து விழுந்தால் யாருக்கும் சொல்லாமல் குப்பைத்தொட்டியில் எறிகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அலுவலகமும் உண்டு, சட்டப்பிரிவும் உண்டு. எங்கே, எந்த வரிசையில் போவது என்பது தெரியாமையாலும், தெரிந்தவர்கள் சொல்லாமையாலும் அவை பயனற்றுக் கிடக்கின்றன.

முதலில் தெளிவாக வேண்டியது, முட்டை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே சட்டத்தின் எல்லை அமைகிறது என்பதாகும். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், வேளாண்மை, கால்நடை வளர்ப்பு ஆகியவற்றிலிருந்து இயற்கை வடிவிலேயே கிடைக்கும் விளைபொருளை 'முதன்மை உணவு' என்று வகுத்து, அது உழவர் அல்லாத ஒருவர் கையில் இருக்கும்போதுதான் அந்த வரையறைக்குள் வரும் என்று சொல்கிறது; அச்சட்டத்தின் 18 ஆம் பிரிவும் உழவருக்கும் வேளாண் நடவடிக்கைகளுக்கும் விலக்களிக்கிறது. ஆகவே பஞ்சாரத்தில் நாலு கோழியை அடைத்து வளர்த்து, மிஞ்சிய முட்டையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் மூதாட்டியிடம் உரிமம் எங்கே என்று அதட்டுவது முறையாகாது. அதே முட்டையைப் பல வீடுகளில் திரட்டி விற்கும் வியாபாரியும், அதை வாங்கி அடுக்கி வைக்கும் மளிகைக் கடைக்காரரும் உணவு வணிகர்களே. அவர்கள் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும், அவர்கள்மீது புகாரும் செல்லும். மக்களோ தெரிந்த வீட்டு மூதாட்டியிடம் ஐயப்பட்டு, முகம் தெரியாத கடையில் அட்டையில் எழுதிய 'நாட்டு முட்டை' என்ற இரண்டு சொல்லை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

நாட்டு முட்டை ஏன் போலியாகிறது என்பதை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும். கொல்லைப்புற நாட்டுக்கோழி சில நாள் முட்டையிட்டு, அடைக்கு உட்கார்ந்து, குஞ்சோடு திரிந்து, மறுபடி முட்டைக்கு வரும் இயல்புடையது என்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே தரும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் வகைக் கோழியோ 300 முட்டைகளைத் தொடும். விலை வேறுபாடும் பெரிது. எனவே ஆண்டு முழுவதும், அடைக்காலம் என்ற இடைவெளியே இல்லாமல், ஒரே அளவில், ஒரே நிறத்தில் 30 முட்டை அடங்கிய அட்டைகள் ஒரு கடையில் நாள்தோறும் நிறைந்திருக்குமானால், அவை எத்தனை வீட்டுக் கோழிகள் இட்டவை என்று கேட்பது வாங்குவோர் கடமை. உண்மையான நாட்டு முட்டைகள் அளவில் சிறியவை. ஒன்று வெளிர்மஞ்சளாகவும் ஒன்று இளம்பழுப்பாகவும் ஒன்று ஏறக்குறைய வெள்ளையாகவும் கலந்துதான் இருக்கும். சிறிய பண்ணை முட்டைகளைத் தேயிலைச் சாயத்திலோ செயற்கை நிறத்திலோ முக்கி விற்பதை மேற்கு மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். அது செட்டிநாட்டுக்கு வராது என்று எண்ணுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, நிறம் துணியில் ஒட்டினால் ஐயம் கொள்ளலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிப் பார்க்கும் சோதனையை நம்பக் கூடாது. அமிலம் ஓட்டின் மேற்பரப்பையே கரைப்பதால் இயற்கைப் பழுப்பு நிறமும் அதில் கலைந்துவிடும், நேர்மையான வியாபாரி வீண்பழிக்கு ஆளாவார்.

சாயம் ஏற்றிய முட்டை வெறும் ஏமாற்று மட்டும் அன்று. ஒரு பொருளை அதன் உண்மை மதிப்பைவிட உயர்ந்ததாகத் தோன்றும்படி நிறமூட்டுவதை மேற்படி சட்டம் 'பாதுகாப்பற்ற உணவு' என்பதன் வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது; வேறொரு பொருளுக்குரிய பெயரில் விற்பதைத் 'தவறான பெயரிடல்' என்று கொண்டு, 52 ஆம் பிரிவின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. இத்தகைய தண்ட வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர்.

இங்கே வாங்குவோருக்கென்றே அமைந்த, ஆனால் அநேகமாக யாரும் பயன்படுத்தாத உரிமை ஒன்று உண்டு. சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி, விலை கொடுத்து வாங்கிய எவரும் அப்பொருளை அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதித்து அறிக்கை பெறலாம். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை சொன்னால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. தென்மாவட்டத்தாருக்கு மதுரையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் இந்த உரிமையோடு ஒரு நிபந்தனை இணைந்திருக்கிறது: சோதனைக்கு அனுப்பப் போவதாக வாங்கும் அந்த நேரத்திலேயே விற்பவரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து, பாதியை வேகவைத்து உண்டு, ஐயம் வந்த பிறகு மீதியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போவதால் பயனில்லை. ஆகவே இரண்டாம் முறை அதே கடைக்குச் சென்று, சாட்சிக்கு ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கி, சோதனைக்கு அனுப்பும் எண்ணத்தைத் தெரிவித்து, 'நாட்டு முட்டை' என்று எழுதிய, நாளும் தொகையும் கடைப் பெயரும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் எதுவும் நகராது. முட்டைக்குப் போய் ரசீதா என்று கேட்கும் கூச்சம்தான் போலி வியாபாரியின் முதல் பாதுகாப்பு என்பதை உணர்ந்து அதைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

இவ்வளவும் செய்ய இயலாதவர்கள், காரைக்குடிப் பகுதிக்குரிய உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ, சிவகங்கையில் உள்ள மாவட்ட நியமன அலுவலரிடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். நியமன அலுவலர் என்பவர் மாவட்ட அளவில் இச்சட்டத்தை நடத்துவதற்கென அமர்த்தப்பட்டவர். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு நிழற்படத்தோடு புகார் அனுப்பலாம். அலுவலர் தாமே மாதிரி எடுக்கும்போது அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்பதும், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளவை; கேட்பவர் இருந்தால்தான் இந்த நாள்கணக்கு காக்கப்படும். வாய்மொழிப் புகாருக்கு எந்த அலுவலகத்திலும் நினைவு நிற்பதில்லை. எனவே ஒப்புகைச் சீட்டோ புகார் எண்ணோ பெறாமல் திரும்புதல் கூடாது. மேசைக்கு மேசை அலைக்கழித்தால், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் அதே புகாரின் நகலைக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிவிட வேண்டும். முட்டை வாங்கிய ஒரு குடிமகன் 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள சிவகங்கைக்கு இரண்டு முறை அலைய நேர்வது நிருவாகத்துக்கு அழகல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பண்ணைகளில் வளரும் பழுப்பு முட்டைக் கலப்பினக் கோழிகளின் முட்டையை நாட்டு முட்டை என்று விற்பது மற்றொரு வகை ஏமாற்று. இதில் சாயமே இல்லாததால் வழக்கமான பகுப்பாய்வு எதையும் காட்டாது. இங்கே கைகொடுப்பது 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், மீண்டும் அந்த ரசீதுமே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம்; தீராவிட்டால், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி உடல்நலம். பெண்பிள்ளை பூப்பெய்தியதும் வெறும் வயிற்றில் பச்சை நாட்டு முட்டையை ஊற்றி, மேலே நல்லெண்ணெய் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் பரவலாக உள்ளது. பிள்ளை பெற்றவளுக்கும் சில வீடுகளில் அப்படியே கொடுக்கிறார்கள். இந்த அன்பு மதிக்கத்தக்கது. பச்சை முட்டை ஏற்கத்தக்கது அன்று. சால்மொனெல்லா என்பது கோழியின் குடலில் வாழும் நோய்க்கிருமி. அது எச்சத்தின் வழியாக ஓட்டின்மேல் ஒட்டுவதோடு, அதன் ஒரு வகை கோழியின் சூலகத்தைத் தாக்கி, ஓடு உருவாகும் முன்னரே முட்டைக்குள் புகுந்துவிடக்கூடியது. ஆகவே 'இப்போதுதான் இட்டது, சூடு ஆறவில்லை' என்ற சமாதானம் பொருந்தாது. கோழிக்கு எந்த நோய்க்குறியும் தெரியாமலும் இருக்கலாம். உண்ட 6 மணி நேரம் முதல் 3 நாளுக்குள் காய்ச்சலும் வயிற்றுவலியும் பேதியும் வரும். சிறுவர், கருவுற்றோர், முதியோர் ஆகியோருக்கு இரத்தத்தில் பரவி உயிருக்கே தீங்காகலாம். பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்ற நம்பிக்கையும் தவறு. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டைப் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு உடலில் சேர, பச்சை முட்டையில் பாதி அளவே சேர்ந்தது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அப்படியே இருக்கட்டும். முட்டையை மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேகவைத்துக் கொடுக்க வேண்டும். பச்சை முட்டை கொடுக்க வேண்டாம். பாட்டி சொன்னாலும், ஒரே ஒரு நாள்தான் என்றாலும் வேண்டாம். ஆஃப்பாயிலுக்கும் இதுவே விதி.

வாங்கிய முட்டையை உடனே கழுவி அடுக்குவது இன்னொரு தவறு. ஓட்டின் நுண்துளைகளை அடைத்து நிற்கும் மெல்லிய இயற்கைப் படலம் கழுவும்போது போய்விடும்; குளிர்ந்த நீரில் கழுவினால் அழுக்கு நீரே உள்ளிழுக்கப்படும். உலர்ந்த துணியால் துடைத்து வைத்துவிட்டு, உடைப்பதற்குச் சற்றுமுன் கழுவினால் போதும்.

கோழி வளர்க்கும் வீட்டாரிடம் உரிமையோடு கேட்க வேண்டியவை இரண்டு உள்ளன. நோயுற்ற கோழிக்கு மனிதருக்கான நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருந்தால், அம்மருந்து முட்டையிலும் கலந்து வரும். மருந்து நின்றபின் முட்டையை உண்ணாமல் ஒதுக்க வேண்டிய நாள்களை 'விலக்குக் காலம்' என்பர், அது எத்தனை நாள் என்று கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். மற்றொன்று பழைய வண்ணப்பூச்சு. ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டும் கொண்ட செட்டிநாட்டுப் பெருவீடுகளைப் புதுப்பிக்கும்போது சுரண்டிக் கொட்டும் பழம்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்று மட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் துகளைக் கொத்தி மேயும் கோழியின் முட்டையில் ஈயம் சேரும், அது வேகவைத்தாலும் போகாது. வேலை நடக்கும் வீட்டுப் பின்கட்டில் கோழியை மேயவிடக் கூடாது.

முட்டையால் நோயுற்றதாக ஐயம் எழுந்தால், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்குவதற்கு முன் மருத்துவரைக் கண்டு மலப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உள்ளே போனபின் கிருமி சோதனையில் அகப்படாமல் போகலாம். மீதமுள்ள முட்டைகளை ஓட்டோடு குளிர்பெட்டியில் வைத்து, மருத்துவச் சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகலோடு நியமன அலுவலருக்கு எழுத வேண்டும். வணிகர் விற்ற உணவால் தீங்கு நேர்ந்தது மெய்ப்பட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65 ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு இடமளிக்கிறது: கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை, பிற தீங்குக்கு 1 லட்சம் வரை, உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல். குற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்தால் வழக்கு எடுப்பது கடினம் என்பதால், தள்ளிப்போடுதல் கூடாது.

கடைசியாக, கோழிகள் சாகும்போது செய்ய வேண்டியவை. வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய் கொல்லைக் கோழிகளைக் கூண்டோடு அழிப்பது; அதற்குக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. முகாம் நாள் தெருவுக்கு எட்டும்படி அறிவிக்கப்படுவதில்லை என்ற குறை உண்மையே. எனினும் ஜனவரியிலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது வளர்ப்போர் பொறுப்பு. திடீரெனப் பல கோழிகள், அல்லது அவற்றோடு காகங்களும், இறந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2024 இல் கேரளத்தின் ஆலப்புழையிலும் 2025 இல் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களிலும் அது பரவியது. 2009 ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இவ்விரு நோய்களில் எதையேனும் ஐயுற்றால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை, விருப்பம் அன்று. செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல், குப்பைத்தொட்டியிலோ ஊருணியிலோ எறியாமல், அக்கொல்லையின் முட்டையை எவருக்கும் கொடுக்காமல், அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். மாதிரி எடுக்கும் முன் புதைத்தால் எந்த நோய் என்று அறிய வழியே இல்லாமல் போகும். மருத்துவர் பார்த்தபின், அவர் சொல்லும் ஆழத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூடலாம். கால்நடை அவசர உதவிக்கான எண் 1962. அழைத்த நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து, அன்றே எழுத்திலும் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்.