காகிதத்திலும் மின்சாரம் தங்கும்!

தேக்காவில் பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்குகிறோம். உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. பொம்மை ஓய்ந்ததும் அந்த பேட்டரி எங்கே போகிறது?

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறியுள்ளது. இந்தச் சுமையைக் குறைக்கக் காகிதத்திலேயே பேட்டரி செய்தால் என்ன?

வேடிக்கைக் கேள்வியல்ல இது. கேரளத்தில் பிறந்த விஞ்ஞானி புளிக்கல் அஜயனும் குழுவினரும் 2007இல் அமெரிக்காவின் ரென்சிலர் கழகத்தில் அதைச் செய்து காட்டினர். அந்தத் தாளில் 90 விழுக்காட்டுக்கு மேல், காகிதத்தின் மூலப்பொருளான செல்லுலோஸ். மீதி பெரும்பாலும் கார்பன் நானோ குழாய்கள்.

எப்படி வேலை செய்கிறது?

பேட்டரிக்குள் இரண்டு மின்வாய்கள் உண்டு. அவற்றில் மின்சாரம் ஓட வழி வேண்டும். அயனிகள் வந்து தங்க இடமும் வேண்டும். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்த கார்பன் குழாய், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் தண்ணீரில் போட்டால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

மரக்கூழ் நாரை மிக நுண்ணியதாகப் பிரித்தால் கிடைப்பது நானோசெல்லுலோஸ். இது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தண்ணீரில் பரவி நின்று, குழாய்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கும். இரண்டையும் கலந்து, வடிகட்டி, உலர்த்தினால் கறுப்புத் தாள் தயார். ஒன்று வழி தருகிறது. மற்றது உறுதியும் ஈரம் ஏற்கும் இடமும் தருகிறது. தாளை வளைக்கலாம், வெட்டலாம்.

இங்கும் முயற்சி நடந்துள்ளது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2021இல் ஒரு காகித பேட்டரியை அறிவித்தது. அதில் நானோ குழாய் இல்லை. செல்லுலோஸ் தாளில் துத்தநாகம் போன்றவற்றை மையாக அச்சிட்டார்கள். 4 சென்டிமீட்டர் சதுரத் துண்டு, சிறு மின்விசிறியை 45 நிமிடம் ஓட்டியது. மண்ணில் புதைத்தால் ஒரு மாதத்தில் மட்கிவிடும் என்றனர்.

அப்படியானால் கடைக்கு ஏன் பரவலாக வரவில்லை? தரமான நானோ குழாயின் விலை ஒரு தடை. அதன் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்குத் தீங்கு நேரலாம் என்பதால் தொழிற்சாலையில் கடும் பாதுகாப்பும் தேவை. செல்லுலோஸ் மட்கினாலும் கார்பன் குழாய் எளிதில் மட்காது. காகிதம் என்பதாலேயே எல்லாம் பசுமை ஆகிவிடாது.

அதுவரை நம் கையில் இருப்பது எளிய வேலைதான். பழைய பேட்டரிகளையும் மின்கருவிகளையும் திரட்டி மறுபயனீடு செய்யும் திட்டம் 2021 ஜூலையில் இங்கு நடப்புக்கு வந்தது. நேயர்களே, உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் எத்தனை பழைய பேட்டரிகள் கிடக்கின்றன?