உயிரைக் காத்த கார், நிறுவனத்தைக் காக்கவில்லை
சுவீடனின் 'சாப் 9-5' தரும் வர்த்தகப் பாடம்

பாதுகாப்பான கார் என்றதும் பலருக்கும் சுவீடன் நினைவுக்கு வரும். அந்நாட்டின் வொல்வோவை அறிந்த அளவுக்குச் சாப் நிறுவனத்தைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1937 இல் விமானம் தயாரிக்க ஆரம்பிக்கப்பட்ட இந்நிறுவனம், 1949 இன் இறுதியில் ட்ரோல்ஹாட்டன் நகரில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. உயர் அதிகாரிகளையும் தொழிலதிபர்களையும் இலக்காகக் கொண்டு 1997 இல் அது அறிமுகப்படுத்திய காரே சாப் 9-5 ஆகும்.

சாப் பொறியியலாளர்கள் 1970 களிலிருந்தே வீதி விபத்துகளை ஆராய்ந்து, காயம் எவ்வாறு ஏற்படுகின்றது என்பதைப் பதிவு செய்து வந்தனர். மோதலின்போது முழங்கால் அடிபடும் என்பதால் சாவித் துவாரத்தை இரு முன் ஆசனங்களுக்கு இடையே அமைத்தனர். சுவீடன் வீதிகளில் பாயும் பெரிய மான்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுவதுண்டு என்பதால் முன் தூண்களையும் பலப்படுத்தினர்.

இவற்றுள் முக்கியமானது, அசையும் தலைச்சாய்வு ஆகும். பின்னாலிருந்து வாகனமொன்று மோதினால் பயணியின் முதுகு ஆசனத்தை அழுத்தும். அந்த அழுத்தமே ஆசனத்தினுள் உள்ள நெம்பை இயக்கி, தலைச்சாய்வை மேலும் முன்னுமாகத் தள்ளி, கழுத்து பின்னோக்கி வெட்டி இழுக்கப்படுவதைத் தடுக்கும். இதற்கு மின்சாரமோ வெடிமருந்தோ தேவையில்லை. வேலை முடிந்ததும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது கழுத்துக் காயங்களை ஏறத்தாழ 75 சதவீதம் குறைத்ததாக 2001 இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது.

ஆனால், பாதுகாப்பு வேறு, நம்பகத்தன்மை வேறு. 2003 வரையான நான்கு சிலிண்டர் டேர்போ பெற்றோல் எஞ்சின்களில் ஒரு சிறு குறை இருந்தது. எஞ்சினுக்குள் சேரும் ஆவி சரிவர வெளியேறாததால், சூடேறிய ஒயில் தார் போல் கட்டியாகி, அடித்தட்டிலுள்ள வடிகட்டியை அடைத்தது. ஒயில் அழுத்தம் குறைந்து பல எஞ்சின்களும் டேர்போக்களும் பழுதடைந்தன. நிறுவனம் காற்றோட்டக் குழாய் அமைப்பைத் திருத்தியது. முழுச் செயற்கை ஒயிலைப் பயன்படுத்தி, உரிய காலத்துக்கு முன்னரே மாற்றி வந்தவர்களின் கார்களோ நீண்ட காலம் ஓடின. மலிவான ஒயிலில் மிச்சம் பிடித்தவர்களுக்குப் புது எஞ்சின் செலவு காத்திருந்தது.

விபத்தில் உயிர் தப்பியவர் அந்தக் காரை மறக்க மாட்டார். நடுவழியில் எஞ்சின் நின்றவரும் அதை மறக்க மாட்டார். சந்தையில் இருவரின் பேச்சும் எடுபடும்.

மறுபுறம், விற்பனையும் போதவில்லை. மிகச் சிறந்த ஆண்டான 2006 இல் கூட உலகெங்கும் சுமார் 1 இலட்சத்து 33 ஆயிரம் சாப் கார்களே விற்பனையாகின. 1990 இல் பாதிப் பங்கையும் 2000 இல் முழு உரிமையையும் பெற்ற ஜெனரல் மோட்டர்ஸ், 9-5 இன் அதே அடிப்படை வடிவத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விற்றது. புதிய 9-5 2010 இல் வெளிவந்தபோது நிறுவனம் ஒல்லாந்தின் ஸ்பைக்கர் வசமாகியிருந்தது. 2011 டிசம்பர் 19 ஆம் திகதி சாப் வங்குரோத்தானது. 3,000 க்கும் அதிகமானோர் தொழில் இழந்தனர்.

பொருளின் தரம் வாடிக்கையாளரைக் கடைக்கு அழைத்து வரும். அவரை மீண்டும் வரச் செய்வது, விற்ற பின் அப்பொருள் எவ்வளவு காலம் தொல்லையின்றி உழைக்கின்றது என்பதே. சாப் முதலாவதில் வென்றது, இரண்டாவதில் தடுமாறியது.