தண்ணீர் ஊற்றினால் போதுமா?

அப்பா விட்டுச்சென்ற பழைய புரோட்டோன் சாகா எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட அதே 1985-இல் சாலைக்கு வந்த ரகம். எங்களுடையது சில ஆண்டுகள் இளையது.

சென்ற ஆண்டு தைப்பூசத்திற்கு முந்தைய நாள், அம்மாவைத் தண்ணீர்மலைக்கு அழைத்துச் சென்றேன். ஜாலான் உத்தாமாவில் வாகனங்கள் ஊர்ந்தன. வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன்.

“டேய், தொடாதே!” என்று அம்மா கத்தினார். அப்பாவின் கையில் இருந்த தழும்பு அவருக்கு மறக்கவில்லை.

அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளிருக்கும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. கொதிநிலை 120-ஐ நெருங்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும்.

அதற்கு முன் பல வாரங்களாகக் காலையில் ஒரு புட்டி குழாய்நீர் ஊற்றுவதே என் வைத்தியம். மறுவாரம் பட்டறைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, ஜாம்ல நிக்கிறப்ப சூடாகுதா, ஓடுறப்பவா?”

“ஜாம்லதான் அண்ணே. பாலத்துல வேகமா போனா முள் இறங்கிடுது.”

“அப்ப முதல்ல விசிறியைப் பார்ப்போம்.”

வேகமாக ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கும். நிற்கும்போது அந்த வேலை விசிறியுடையது. சூடு ஏறியதும் அதை ஓடவைக்கும் சிறிய சுவிட்ச் செத்துப்போயிருந்தது. மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நேர்மாறாக, பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ஏறும்போதோ வேகமாக ஓடும்போதோ சூடானால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். தண்ணீர் பம்ப் தளர்ந்திருக்கலாம். தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் தண்ணீர் குறைகிறதா? புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? எண்ணெய் மூடியின் அடியில் தே தாரேக் நிறத்தில் கசடு தெரிகிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு, காரை ஓட்டாதீர்கள். சாகாவில் இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிறது. சூடு மிஞ்சினால் அந்த ஹெட் வளைந்துவிடும். பல பழைய கார்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது அந்தச் செலவுதான்.

‘பனி பெய்யாத நாட்டில் கூலண்ட் எதற்கு?’ என்று நானும் நினைத்ததுண்டு. அது உள்ளே துருப் பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. குழாய்நீர் துருவையும் உப்புப் படிவையும் சேர்த்துவிடும். அவசரத்துக்கு ஊற்றலாம், அதையே பழக்கமாக்கக் கூடாது.

வழியில் முள் ஏறினால் ஏர்கானை அணைத்து, பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் ஓரம் கட்டுவது எளிதல்ல. ஏறுமுன்பே முள்ளைப் பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டும் அதே சாலை, அதே நெரிசல். முள் பாதியைத் தாண்டியதும் விசிறி உறுமத் தொடங்கியது. “விற்றுவிடு” என்று ஓர் ஆண்டாகச் சொல்லிவந்த அம்மா, அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.