பைசா செலவில்லாமல் பேசும் கணினி

திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளின் விலை, ஒரு காலத்தில் கணினியின் விலையையே எட்டியது. வாங்க வேண்டியவரோ, பெரும்பாலும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்!

2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்.வி.டி.ஏ. என்னும் இத்தகைய மென்பொருளை எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டெஹ் கைகோத்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விண்டோஸ் கணினியில் இயங்கும் இது முழுக்க இலவசம். தமிழும் படிக்கும். கூடவே வரும் குரல் என்னவோ தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான். கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், அடுத்தவர் கணினியிலும் செருகி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் இயக்கினால் போதும்.

ஹெட்போன் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.